அனிமேஷன் கற்க வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

பகலில் பாளையங்கோட்டையில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனிங், ராத்திரி வீட்டில் அனிமேஷன், இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. கல்யாண அழைப்பிதழில் பொம்மையை நடக்க வைக்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து, கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்கள், சொந்தக்காரரின் சொந்தக்காரர் வரைக்கும் அதே பத்துப் பதினைந்து சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, அனிமேஷன்னா சரியா என்னது? சாஃப்ட்வேரே படத்தை ஆட்டிக்கிடுமா?

ஆட்டாது. ஒரு நொடிக்கு 24 படம், ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். முதல் பிரேமில் கை இங்கே இருக்கட்டும், 13ஆவது பிரேமில் அங்கே இருக்கட்டும் என்று நீங்கள் இரண்டு இடத்தில் ஆணி அடிக்கிறீர்கள், அதற்குப் பெயர் கீஃபிரேம். நடுவில் இருக்கிற பதினொன்றையும் மென்பொருள் நிரப்பித் தரும். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள், அப்படியென்றால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும்.

சிக்கல் எல்லாம் அந்த நடுவில்தான். மென்பொருள் தனக்குத் தெரிந்த ஒரு கணக்கில் நிரப்பிவைக்கும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் விறைத்து நிற்கும், பின்னால் தடி போட்டு நெம்புவார்கள், ஒன்றுமே நடக்காது, பிறகு ஒரு சாண் நகரும். பனம்பழம் விழுவது அப்படி இல்லை. இந்த வித்தியாசம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எது எத்தனை பிரேம் எடுக்கிறது என்று எண்ணுகிற வேலை நம்முடையது, கீழே பாதிப் பதில்கள் இந்த எண்ணுகிற வேலையைப் பற்றித்தான் வரும்.

எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

வரைகிற கை இருந்தால் பென்சில்2டி அல்லது கிருதா. முதலாவது மிகச் சின்னது, அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். கிருதா ஓவியர்களுக்கானது, 2016லிருந்து அனிமேஷன் வசதியும் உண்டு. 3டி வேண்டுமென்றால் பிளெண்டர். ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள் 2016இல் ஓபன்டூன்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, நல்ல கருவிதான், ஆனால் முதல் நாளே அதைத் திறந்தால் மறுநாள் திறக்க மாட்டீர்கள்.

நான் சொன்ன எல்லாமே இலவசம். இலவசம் என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று ஒரு அப்பா என்னிடம் வாதம் செய்தார். பிளெண்டரை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டபோது, 2002இல் பயன்படுத்துகிறவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் நிரலை வாங்கிப் பொதுவில் வைத்தார்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் அதே பிளெண்டரில் செய்தது, உங்கள் பையன் இறக்கிக்கொள்ளப்போவதும் அதே மென்பொருள்தான் என்றேன். அவர் நம்பவில்லை, பையன் நம்பினான். எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

எனக்குக் கோடு கூட நேரா வராது. அப்ப நான் வேஸ்டா?

இல்லை. தோல்பாவைக் கூத்தை யோசித்துப் பாருங்கள். பாவையை ஒரு தடவை வெட்டி, தோளிலும் முழங்கையிலும் மூட்டுப் போட்டுவிட்டால் அப்புறம் ஆட்டுகிறவருக்கு வரையும் வேலையே இல்லை. கணினியில் கட்அவுட் அனிமேஷன் என்பது அதுதான், 3டி பொம்மைக்கு எலும்பு மாட்டுவதும் கிட்டத்தட்ட அதுதான். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி கறுப்பு அட்டையை வெட்டி மூட்டுப் போட்டு 1926இலேயே முழுநீளப் படம் முடித்துவிட்டார். குச்சி மனிதன் வரையத் தெரிந்தால் போதும், உங்கள் யோசனையை நீங்களே பார்ப்பதற்கு அது வேண்டும்.

எங்கிட்ட விலையில்லா லேப்டாப்தான் இருக்கு, 4 ஜிபி ராம். ஓடுமா?

பென்சில்2டி ஓடும். கிருதாவும் படத்தின் அளவைச் சின்னதாக வைத்துக்கொண்டால் ஓடும். புதிய பிளெண்டர் 8 ஜிபி கேட்கிறது, கிராபிக்ஸும் ஓபன்ஜிஎல் என்கிற தரத்தில் 4.3 அளவுக்காவது இருக்க வேண்டும், அதனால் திறக்கும்போதே கருப்புத் திரை வந்து நின்றால் உங்கள் மேல் தப்பில்லை. விண்டோஸ் 7 வைத்திருந்தால் கடைசியாக அதில் ஓடிய பதிப்பு 2.93, இன்னும் பழைய கிராபிக்ஸ் என்றால் 2.79. பழைய பதிப்புகள் எல்லாம் பிளெண்டரின் தளத்திலேயே கிடக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், 2.79இல் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக். இது தெரியாமல் ஒரு தம்பி இரண்டு நாள் இடது கிளிக்கைத் தட்டிவிட்டு மவுஸை மாற்றிவிட்டான்.

லேப்டாப்பில் எண் விசைகள் தனியாக இருக்காது, பிளெண்டரில் பார்வையை மாற்ற அவைதான் வேண்டும். அமைப்புகளில் ‘எமுலேட் நம்பேட்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிட்டால் மேல் வரிசை எண்களே போதும். மூன்று பட்டன் மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், டச்பேடில் 3டி கற்பது கையுறை போட்டுக்கொண்டு பூ கட்டுவது மாதிரி.

போன்லயே பண்ண முடியாதா?

ஃபிளிப்பாகிளிப் போன்றவற்றில் முடியும், விரலாலேயே வரையலாம். பந்து, நடை இந்தப் பயிற்சிக்கெல்லாம் தாராளம். இலவசப் பதிப்பில் அவர்களுடைய முத்திரை விழும், காசுக்கு வேலை செய்து கொடுக்கும்போதுதான் அது இடிக்கும்.

இங்கிலீஷ் சுத்தமா வராது. மெனு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?

முதல் மூன்று மாதத்துக்கு உங்களுக்கு வேண்டிய சொற்கள் முப்பது நாற்பதுதான். நகர்த்த ஜி, திருப்ப ஆர், அளவு மாற்ற எஸ், கீஃபிரேம் போட ஐ, ஓட்டிப் பார்க்க ஸ்பேஸ் பார். இவை பிளெண்டரில். பஸ் கண்டக்டர் ‘ஹோல்டான்’ என்று சொல்வதற்கு இங்கிலீஷ் படித்தாரா என்ன? கேட்டுக் கேட்டு வந்ததுதான். தமிழில் பாடம் எடுக்கிறவர்கள் யூடியூபில் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் மெனுப் பெயரை மெனுவில் இருக்கிறபடிதான் சொல்வார்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதல்ல எதைப் பண்ணிப் பழகணும்? நேரா சண்டைக் காட்சிக்குப் போகலாமா?

எல்லோரும் சண்டைக்குத்தான் வருகிறார்கள். பந்து குதிப்பதுதான் உலகம் முழுக்க முதல் பாடம், அதைச் செய்யுங்கள், இரண்டு நாள் போதும். மேலே போகப் போக வேகம் குறைய வேண்டும், கீழே வர வர கூட வேண்டும், ஒவ்வொரு குதிப்புக்கும் உயரம் குறைய வேண்டும். அதே பந்தை இரும்புக் குண்டாக்கிப் பாருங்கள், பிறகு இலையிலிருந்து வழுக்கி விழுகிற அல்வாத் துண்டாக்கிப் பாருங்கள் (குதிக்காது, தரையில் ஒரு தடவை அகன்று அப்படியே இருந்துவிடும், அந்த அகலலை எத்தனை பிரேமில் வைப்பது என்பதில்தான் அல்வாவா ரப்பரா என்று தெரியும்).

மூன்றாவது பயிற்சிக்கு நான் நுங்கு வண்டி கொடுப்பேன். நுங்கு தின்று முடித்த காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. மாடல் செய்வதும் எளிது. காயின் குறுக்களவு 10 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 31 செ.மீ. நகர வேண்டும், பத்துச் சுற்றில் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணால் தள்ளினால் சக்கரம் சேற்றில் சுற்றுகிற மாதிரி இருக்கும், இல்லையென்றால் பனிக்கட்டியில் இழுத்த மாதிரி இருக்கும். முதல் தடவை அப்படித்தான் வரும், எனக்கும் வந்தது.

நடக்க வச்சா ரோபோ மாதிரி நடக்குது. ஏன்?

யாருடைய நடை என்று முடிவு செய்யாததால். பாடங்களில் ஒரு அடிக்கு 12 பிரேம் என்று சொல்வார்கள், நொடிக்கு இரண்டு அடி, நல்ல சராசரி. எல்லாப் பாத்திரத்துக்கும் அதையே போட்டால் எல்லோரும் போலீஸ் பயிற்சிக்குப் போகிற மாதிரிதான் இருப்பார்கள்.

நான் எங்கள் ஆச்சி முற்றத்தில் நடப்பதை அவர்களிடம் சொல்லிவிட்டே போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினால் வலது காலுக்கு 21, இடது காலுக்கு 24. இடது முழங்காலில் வலி, அதனால் அந்தக் காலை ஊன்றும் முன்பு ஒரு சின்னத் தயக்கம், கை இடுப்பை ஒரு கணம் தொட்டுவிட்டு விலகுகிறது. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், எண்ணும் வரைக்கும் அது என் கண்ணில் படவில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். போன் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும், நம் கோப்பு 24. அப்படியே 21 என்று போட்டால் ஆச்சி இன்னும் மெதுவாகிவிடுவார்கள். 0.8ஆல் பெருக்க வேண்டும், 21 என்பது 17 ஆகும், 24 என்பது 19. அந்த இரண்டு பிரேம் வித்தியாசத்தைப் போட்டதும் என் அம்மா திரையைப் பார்த்து, “இது யாரு, அத்தையா?” என்றாள். பொம்மைக்கு அப்போது முகம் கூட வைக்கவில்லை.

நடை நல்லா வருது, ஆனா கால் தரையில வழுக்குதே?

நுங்கு வண்டிக் கணக்குதான். ஒரு அடி 50 செ.மீ. என்று காலை வைத்துவிட்டு, அந்த நேரத்தில் உடம்பை 70 செ.மீ. நகர்த்தினால் மீதி 20 செ.மீ. வழுக்கத்தான் செய்யும். ஊன்றிய பாதத்தின் இடத்தில் திரையில் ஒரு சின்னக் குறி வையுங்கள், அந்தக் கால் தூக்கப்படும் வரை பாதம் குறியை விட்டு அசையக் கூடாது. உடம்பின் நகர்வை அதற்கேற்ப மாற்றுங்கள், காலை மாற்றாதீர்கள்.

காத்தாலை பண்ணினேன். ஒவ்வொரு சுத்துக்கும் நின்னு நின்னு சுத்துது, லூப்ல ஒரு வெட்டு வேற விழுது.

பணகுடி, காவல்கிணறு பக்கம் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் இரண்டாவது மாதம் இதைச் செய்துவிட்டு இதே கேள்வியோடு வருவார்கள். இதில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. முதலாவது, பிளெண்டர் தானாக நடுவை நிரப்பும்போது கிளம்பும் இடத்தில் மெதுவாக, நடுவில் வேகமாக, சேரும் இடத்தில் மெதுவாக என்று நிரப்பும். தேருக்குச் சரி, காற்றாலைக்குச் சரியில்லை. கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்தி ‘லீனியர்’ என்று மாற்றுங்கள்.

இரண்டாவது தப்பு லூப்பில், அதாவது காட்சி முடிந்ததும் முதலிலிருந்து திரும்ப ஓடுகிற இடத்தில், கொஞ்சம் ஒளிந்திருக்கும். பெரிய காற்றாலை ஒரு சுற்றுக்கு ஆறு நொடி எடுப்பதாக வையுங்கள், 144 பிரேம். 1இல் சுழி டிகிரி, 145இல் 360 டிகிரி என்று போடுங்கள், ஆனால் காட்சியை 144இல் முடியுங்கள். 360ம் சுழியும் ஒரே படம், இரண்டையும் காட்டினால் ஒரே படம் இரண்டு தடவை வந்து, அதுதான் வெட்டாகத் தெரிகிறது. இன்னொரு சோம்பேறி வழியும் உண்டு, மூன்று இறக்கையும் அச்சு அசலாக ஒன்று போல இருந்தால் 120 டிகிரி திருப்பினாலே முதல் படம் திரும்ப வந்துவிடும். 1இலும் 49இலும் கீஃபிரேம், 48இல் முடிவு, இரண்டே நொடியில் லூப். ரெண்டர் நேரமும், அதாவது கணினி ஒவ்வொரு பிரேமையும் முடிந்த படமாக்கித் தருகிற நேரமும், மூன்றில் ஒரு பங்குதான்.

ரெண்டர் போட்டுட்டுத் தூங்கினேன், கரண்ட் போயிட்டு. எல்லாம் போச்சா?

வீடியோவாக ரெண்டர் போட்டிருந்தால் பெரும்பாலும் போச்சு. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எனக்கும் இப்படி ஆனது. பத்து நொடிக் காட்சி, 240 பிரேம், ஒன்றுக்கு நான்கு நிமிஷம், மொத்தம் பதினாறு மணி நேரம். பதின்மூன்றாவது மணியில் கரண்ட் போனது, எம்பி4 கோப்பு திறக்கவே இல்லை. 195 படம் முடிந்திருந்தது, ஒன்றுகூடக் கையில் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த வேலை அது.

அன்றிலிருந்து வீடியோவாகப் போடுவதே இல்லை. அவுட்புட் பகுதியில் பிஎன்ஜி என்று தேர்ந்தெடுங்கள், ஒவ்வொரு பிரேமும் தனிப் படமாக ஃபோல்டரில் விழும். ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு அதே கோப்பைத் திறந்து மறுபடி ரெண்டர் கொடுத்தால் இருக்கிற படங்களைத் தாண்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசிப் படம் பாதியில் நின்றிருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் அதையும் முடிந்ததாக நினைத்துத் தாண்டிவிடும். எல்லாம் முடிந்ததும் பிளெண்டரிலேயே வீடியோ சீக்வென்சரில் படங்களைக் கோர்த்து எம்பி4 ஆக்கலாம், அது சில நிமிஷ வேலை. ஒரு பிரேமுக்கு நான்கு நிமிஷம் என்பதே அதிகம் என்றால் சைக்கிள்ஸை விட்டு ஈவீக்கு மாறுங்கள் (இரண்டும் பிளெண்டருக்குள்ளேயே இருக்கிற ரெண்டர் முறைகள், ஈவீ வேகமானது), மேலே சொன்ன ஆஸ்கர் படத்தையே ஈவீயில்தான் ரெண்டர் செய்தார்கள்.

தமிழ்ல பேர் எழுதினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போயிருதே?

நான் வைத்திருக்கிற பதிப்பிலும் பிளெண்டரின் எழுத்துக் கருவி தமிழைச் சேர்த்து எழுதாது. ‘நெல்லை’ என்று தட்டினால் ந முதலில் வந்து கொம்பு பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழில் எழுதி, அதைப் ‘பாத்’ ஆக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டருக்குள் கொண்டுவாருங்கள். அது அப்புறம் எழுத்து இல்லை, வெறும் வடிவம், அதனால் உடையாது. பிழையிருந்தால் மறுபடி இங்க்ஸ்கேப்புக்குத்தான் போக வேண்டும், ஆகவே மாப்பிள்ளை பெயரை முதலிலேயே இரண்டு தடவை சரிபாருங்கள்.

வாயசைவு ஒட்டவே மாட்டேங்குது. ஆட்டோமேட்டிக்கா ஏதும் இருக்கா?

ரூபார்ப் என்று ஒரு இலவசக் கருவி உண்டு. அதில் இங்கிலீஷுக்கு ஒரு முறை, மற்ற மொழிகளுக்கு ஒலியை மட்டும் பார்க்கிற இன்னொரு முறை, இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முக்கால்வாசி வந்துவிடும். மீதிக் கால்வாசியில்தான் நம்ம ஊர்ப் பேச்சு இருக்கிறது.

வாய் மூட வேண்டிய எழுத்துகளை முதலில் பிடியுங்கள், ப, ம இரண்டும்தான். அம்மா, அப்பா என்றால் உதடு ஒட்டி நிற்கிற நேரம் நீளம், நான் மூன்று நான்கு பிரேம் வைக்கிறேன். ஆனால் ‘வேண்டாம்’ என்பதைப் பேசிப் பாருங்கள், கடைசி ம்-இல் உதடு ஒட்டுகிறதா? மேடைப் பேச்சில் ஒட்டும், வீட்டுப் பேச்சில் மூக்கோடு போய்விடும். எழுதி வைத்த வசனத்தைப் பார்த்து அங்கே வாயை மூடினால் பொம்மை செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். ‘ஏலே, எங்கல போற’ என்பதில் உதடு ஒட்டுவது ஒரே இடத்தில், போ. அந்த ஒரு இடம் சரியாக விழுந்தால் மற்றதைக் கண் மன்னித்துவிடும். வாயை ஒலிக்கு ஒரு பிரேம் முன்னாலேயே அசையுங்கள்.

பாட்டுக்கு ஆட வைக்கணும். தாளத்தை எப்படிப் பிடிக்கது?

நொடிக்கு 24 என்றால் நிமிஷத்துக்கு 1440 பிரேம், அதைத் தாள வேகத்தால் வகுங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 பிரேம், 90 என்றால் 16. கோயில் கொடையில் எடுத்த ஒரு வில்லுப்பாட்டுப் பதிவுக்குச் செய்தபோது கணக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் அவர்கள் கதை சூடுபிடிக்கப் பிடிக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படியானால் காதால் கேட்டு ஒவ்வொரு தட்டிலும் எம் விசையால் குறி வைப்பது ஒன்றுதான் வழி.

கோர்ஸ்ல சேரவா, வீட்லயே படிக்கவா?

தானாக உட்காருகிற பழக்கம் இருந்தால் வீட்டிலேயே போதும். இல்லை, ஒருவர் கேள்வி கேட்டால்தான் வேலை நடக்கும் என்றால் சேருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேரும் முன் சான்றிதழைக் காட்டச் சொல்லாதீர்கள், போன வருஷம் படித்த பிள்ளைகள் தாங்களே செய்த காட்சியைக் காட்டச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் நகையை அடகு வைத்து ஓரிடத்தில் பணம் கட்டினான், ஒரு வருஷத்தில் ஏழு மென்பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். முடிக்கும்போது அவனுக்குப் பந்தைக் குதிக்க வைக்கத் தெரியவில்லை.

கிராக் பண்ணின சாஃப்ட்வேர் போடலாமா?

வேண்டாம், வைரஸ் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இரண்டாவது கேள்வியில் சொன்ன இலவச மென்பொருள்களில் செய்ததை நீங்கள் விற்கலாம், யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை.

இதுல காசு வருமா? ஏஐ வேற வந்துட்டே?

எனக்கு வருவது கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம், குழந்தைப் பாட்டு. நிரந்தர வேலை என்றால் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு என்று கிளம்பத்தான் வேண்டியிருக்கும், இங்கிருந்தபடி ஆன்லைனில் வேலை வாங்குகிறவர்களும் உண்டு.

ஏஐ அழகான வீடியோவை ஒரு நிமிஷத்தில் தருகிறது, உண்மைதான். என் வாடிக்கையாளர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பொம்மை கும்பிடுகிற கையைக் கொஞ்சம் கீழே இறக்கு, தலையை அரைக்கால் நொடி தாமதமாகக் குனிய வை, மற்றது எதையும் தொடாதே என்பார். பிளெண்டரில் அது பத்து நிமிஷ வேலை. ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன், கை இறங்கியது, சேலையின் பார்டரும் மாறிவிட்டது. ஜவுளிக்கடைக்காரரிடம் பார்டரை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியுமா?

எத்தனை நாள் ஆகும்?

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் பத்து நொடி, வெட்கப்படாமல் காட்டுகிற மாதிரி. பிளெண்டரில் புதுக் கோப்பைத் திறந்தாலே காட்சியின் நீளம் 250 பிரேம் என்று இருக்கும், அது பத்து நொடிக்குக் கொஞ்சம் மேலே, அந்த அளவைத் தாண்டாதீர்கள். மூன்று நிமிஷக் கதையோடு ஆரம்பித்த ஒருவர் கூட முடித்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

உங்க ஃபைலைத் தாங்களேன், பாத்துப் படிச்சுக்கிடுதேன்.

நுங்கு வண்டி மாடல் தருகிறேன், கீஃபிரேம் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். பென்டிரைவை ஃபார்மட் பண்ணிக் கொண்டுவாருங்கள், போன தடவை ஒருத்தர் கொண்டுவந்த வைரஸுக்கு முதலாளி இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.